கேட்ட கேள்விக்கு மட்டும்

ராஜலிங்கத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கட்டுகஸ்தோட்டையில் ஆளில்லை. கண்டி நீதவான் கோட்டில் மொழிபெயர்ப்பு உத்தியோகம் பார்த்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் முதலியார். சாதியால் வந்த பேரல்ல அது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து கோட்டு மொழிபெயர்ப்பாளர்களுக்கு இந்த நாட்டில் ஒட்டிக்கொண்ட பேர். மகன் முதலியாரான அன்று, கண்டிக் கடைத்தெருவில் புடவைக்கடை வைத்திருந்த அவருடைய அப்பா கடை வாசலில் நின்று போவோர் வருவோருக்கெல்லாம் கற்கண்டு கொடுத்தாராம்.

மனுஷன் கெட்டவரல்ல. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் வரப்போவதைக் கேட்டால் யாருக்கும் அவரைத் திட்டத்தான் தோன்றும். அவர் கைநீட்டிக் காசு வாங்கியதில்லை. குடித்ததில்லை. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, நெற்றியில் சின்னதாக விபூதிக் கீற்றோடு பஸ்ஸில் ஏறினால் கொண்டக்டர் கூட ஒரு சொட்டு மரியாதையோடுதான் டிக்கெட் கேட்பான்.

கோட்டில் அவருக்கு ஒரு முறை இருந்தது. தோட்டத்துச் சனம் சாட்சிக் கூட்டில் ஏறினால் இலேசில் இறங்காது. மாடு எப்போது காணாமல்போனது என்று கேட்டால், அந்த மாட்டின் தாயை யாரிடம் வாங்கினோம் என்பதிலிருந்து ஆரம்பிக்கும். அப்போது முதலியார் இடது உள்ளங்கையைத் தூக்கிக் காட்டுவார். "கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு. ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல. மிச்சத்த வீட்டுல போயி சொல்லிக்க." சாட்சி பத்து வாக்கியம் சொன்னால் நீதவானுக்கு ஒன்றுதான் போய்ச் சேரும். அது கேள்விக்குரிய வாக்கியமாக இருக்கும், பிசகாது. நீதவான்கள் அவரை மெச்சினார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரத்துக்கு எழும்ப முடிவதே முதலியாரால்தான் என்று வழக்குப் பேசும் அப்புக்காத்துமார் தங்களுக்குள் பேசிச் சிரிப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ராஜலிங்கம் பிறந்தது இந்தியாவில், புதுக்கோட்டைப் பக்கம். மூன்று வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்தபடி தலைமன்னாரில் இறங்கியவர். சுதந்திரம் வந்த கையோடு தோட்டத்துச் சனத்தின் பிரஜாவுரிமை பறிபோனது. அப்பா விடவில்லை. கடைப் பத்திரங்களையும் வரி கட்டிய துண்டுகளையும் ஒரு பெட்டி நிறைய அள்ளிக்கொண்டு போய் அதிகாரியின் மேசையில் கொட்டி, குடும்பத்துக்கே பதிவுப் பிரஜாவுரிமை வாங்கிவிட்டார். அந்தச் சான்றிதழ் ராஜலிங்கத்தின் அலுமாரியில், கல்யாணப் பட்டு வேட்டிக்கு அடியில் இருந்தது. மற்றச் சனத்தில் பெரும்பங்கை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு அரசாங்கங்களும் பிற்பாடு ஒப்பந்தம் போட்டிருந்தன. யாராவது பிரஜாவுரிமைப் பேச்சை எடுத்தால் அவர் தண்ணீர் குடிக்க எழுந்து உள்ளே போய்விடுவார்.

எழுபத்து நாலாம் வருஷம் நாட்டில் பஞ்சம். ஒரு பாண் ரொட்டி வாங்க விடியமுன் வரிசை. அரிசியை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகத் தடை. தோட்டங்களில் கிழங்கும் கீரையும் தின்று வீங்கிச் செத்தார்கள். ஆனால் பத்திரிகையில் ஒன்றும் வராது. அவசரகாலச் சட்டம் நடந்துகொண்டிருந்தது. தணிக்கைக்கு என்று ஓர் ஆபீஸ் இருந்தது, அதற்கு மேல் ஒவ்வொரு ஆசிரியரின் வயிற்றுக்குள்ளும் ஒரு தணிக்கைக்காரன் குந்திக்கொண்டிருந்தான். பேப்பரை மட்டும் வாசித்தால் நாடு மரவள்ளி நட்டுச் சுபிட்சமாக இருப்பதாகத் தோன்றும்.

மகாவலிப் பாலத்தடியில் பத்திரிகைக் கடை வைத்திருந்த பளீல் இதை ஒவ்வொரு நாளும் சொல்லிக் காட்டுவார். அலவத்துகொடையிலிருந்து சைக்கிளில் வந்து கடை திறக்கிறவர். "முதலியார், வாசிக்கிறதுக்கா, சுத்துறதுக்கா? வாசிக்கிறதுக்குன்டா இன்டைக்கும் ஒன்டுமில்ல" என்று சொல்லித்தான் பேப்பரை நீட்டுவார்.

அந்த வருஷம் ஆடி மாதத்தில் லண்டன் பத்திரிகைக்காரர் ஒருவர் கண்டிக்கு வந்தார். உடம்பெல்லாம் வெயில் பட்டுச் சிவந்த, நாற்பது வயது மதிக்கத்தக்க மனுஷன். கூட ஒரு படம்பிடிப்பவர். ஆங்கிலக் கொம்பனித் தோட்டங்களில் சனம் பட்டினி கிடக்கிறது என்று கேள்விப்பட்டு, பார்த்து எழுத வந்திருந்தார். பேசிக்கொடுக்க நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று தெரிந்த அப்புக்காத்து ஒருவரிடம் கேட்டிருக்கிறார். அப்புக்காத்து முதலியாரைக் கைகாட்டினார். ராஜலிங்கத்துக்கு உள்ளுக்குள் உதறல்தான். அரசாங்க உத்தியோகத்தன், அவசரகாலச் சட்டம், வெள்ளைக்காரப் பத்திரிகை. ஆனாலும் லண்டன்காரர் கேட்டார் என்றதும் வந்த பெருமை உதறலைவிடப் பெரிதாக இருந்தது. ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போனார்.

வத்தேகமைக்கு மேலே மூணாங்கட்டைத் தோட்டம். தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் கடைசிக் காம்பராவில் இருந்தவள் வேலாயி. ஐம்பது வயது. புருஷன் செத்து இரண்டு வருஷம். ஒரே மகள் சீதா, கல்யாணம் முடித்து அதே லயத்தில் நாலு காம்பரா தள்ளி இருந்தாள். வெள்ளைக்காரர் வருகிறார் என்றதும் வேலாயி அவசர அவசரமாகப் பித்தளைக் குடத்தைப் புளிபோட்டுத் துலக்கி வாசலில் வைத்திருந்தாள். வீட்டில் மினுங்குகிற சாமான் அது ஒன்றுதான். படம்பிடிப்பவர் வந்தவுடன் செய்த முதல் வேலை அந்தக் குடத்தைப் படத்தில் விழாமல் தூக்கி அப்பால் வைத்ததுதான்.

பத்திரிகைக்காரர் குந்தி உட்கார்ந்து கேட்டார். ராஜலிங்கம் மொழிபெயர்த்தார்.

"நேத்து எத்தன வேளை சாப்புட்ட?"

வேலாயி துரையைப் பார்க்கவில்லை, முதலியாரைப் பார்த்துத்தான் பேசினாள். "ஒரு வேளைங்க ஐயா. மரவள்ளிக் கெழங்கு. அது கெடக்குதுங்க, வகுத்துப் பாட்ட எப்புடியோ பாத்துக்குவோம். தொரகிட்ட இதச் சொல்லுங்க ஐயா. எனக்கு இந்தியா பாஸ்போட்டு வந்திருக்கு. நான் கேக்கல. எம் புருசன் அரிசிக் கூப்பன் புஸ்தகத்துக்குன்னு நெனச்சுக் கைநாட்டு வச்சாரு, அது இந்தியா போற மனுவாம். நான் பொறந்தது இந்த லயத்துல. எங்காத்தா பொறந்ததும் இங்கதான். எம் மக புருசனுக்கும் மகளுக்கும் இந்த நாடு. எனக்கு மட்டும் அங்கயாம். அவ மாசமா இருக்கா. அவள உட்டுட்டு நான் எங்க போவேன்? அந்தக் கைநாட்டு தப்புன்னு தொர பேப்பருல போடச் சொல்லுங்க. பெரிய ஆளுங்க வாசிச்சா ஏதாச்சும் செய்வாங்க."

சொல்லும்போது அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. படம்பிடிப்பவர் பட பட என்று அமுக்கினார்.

ராஜலிங்கத்தின் இடது கை தானாக உயர்ந்திருந்தது. அவர் ஆங்கிலத்தில் சொன்னார்: "ஒரு வேளை. மரவள்ளிக்கிழங்கு."

பத்திரிகைக்காரர் முட்டாளல்ல. நிமிர்ந்து பார்த்தார். "அவள் நிறையப் பேசினாளே?"

"அதையேதான் திரும்பத் திரும்பச் சொல்கிறாள் ஐயா. வேறு சம்பந்தமில்லாத குடும்பப் பேச்சு."

இந்த இரண்டு வாக்கியங்களை ராஜலிங்கம் பிற்காலத்தில் எத்தனை தடவை தனக்குள் சொல்லிப் பார்த்திருப்பார் என்பதற்குக் கணக்கில்லை. பழக்கதோஷம் என்று முதலில் சொல்லிக்கொண்டார். கேள்வி சாப்பாட்டைப் பற்றியது, பதிலும் சாப்பாட்டைப் பற்றியதாக இருக்க வேண்டும், அதுதானே முறை. ஆனால் அது பழக்கம் மட்டுமில்லை. பிரஜாவுரிமை என்ற சொல்லைத் தன் வாயால் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகைக்காரனுக்குச் சொல்ல அவருக்குப் பயம். சொன்னது யார் என்று நாளைக்கு யாராவது தேடி வந்தால்? நீ எங்கே பிறந்தவன் என்று கேட்டால்? இந்தியாவில் பிறந்தவர் இலங்கைப் பிரஜையாக நிற்கிறார். இந்த லயத்தில் பிறந்தவளைக் கப்பலேற்றப் பார்க்கிறார்கள். அந்த அநியாயம் அவருக்குத் தெரியாமலில்லை. தெரிந்துதான் தண்ணீர் குடிக்க எழுந்து போகிறவர்.

புறப்படும்போது வேலாயி குனிந்து கும்பிட்டாள். "சொல்லிட்டீங்களா ஐயா?"

"எல்லாம் சொல்லியாச்சு" என்றார் முதலியார்.

லண்டன்காரர் ஊர் திரும்பியதும் ஒரு கடிதம் அனுப்பினார். ராஜலிங்கம் திறமையானவர், துல்லியமானவர், எந்தப் பக்கமும் சாயாதவர் என்று நல்ல தாளில் தட்டச்சுச் செய்து கையெழுத்துப் போட்டிருந்தது. ராஜலிங்கம் அதைக் கண்ணாடி போட்டு முன் அறையில் மாட்டினார். அவருடைய மனைவி அன்னலட்சுமி வெள்ளிக்கிழமைகளில் சாமிப் படங்களைத் துடைக்கும்போது அதையும் சேர்த்துத் துடைப்பாள்.

அடுத்த வருஷக் கடைசியில் கொம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அது முடிந்து சில வாரங்களில் சீனாவிலிருந்து பத்திரிகைக்காரர் மூன்று பேர் விருந்தாளிகளாக வந்தார்கள். நட்பு நாடு, அரிசி தருகிற நாடு. அதனால் இந்த முறை அரசாங்க ஜீப்பே வந்தது, லீவு போடத் தேவையிருக்கவில்லை. மாதிரிக்கு ஒரு தோட்டம் காட்ட வேண்டும். கண்டிக்குக் கிட்ட, ரோட்டு நல்லதாக இருக்கிற தோட்டமாகப் பார்த்து மூணாங்கட்டையைத்தான் பிடித்தார்கள்.

சீனக்காரர்களோடு அவர்களுடைய மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் இருந்தார். மூக்குக்கண்ணாடி போட்ட, முப்பது வயதுப் பையன் போன்ற ஆள். அவர் சீனத்தை ஆங்கிலமாக்குவார், ராஜலிங்கம் ஆங்கிலத்தைத் தமிழாக்குவார். பதில் அதே வழியாகத் திரும்பிப் போகும். ஒரு சொல் போய் வர இரண்டு கடவை.

ஞாயிற்றுக்கிழமை. வேலை இல்லாத நாளில் பெண்களுக்குக் கொழுந்துக் கூடையைக் கொடுத்து மலையில் ஏற்றியிருந்தார்கள். வேலாயிக்குப் போட்டுக்கொள்ளப் புதுச் சேலை ஒன்று ஆபீசிலிருந்து வந்திருந்தது. முதலியார் ஜீப்பிலிருந்து இறங்குவதைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்ததே, அதை ராஜலிங்கத்தால் பார்க்க முடியவில்லை. ஓடிப்போய் மகளின் கையிலிருந்த பிள்ளையை வாங்கிக்கொண்டு வந்தாள். சீதாவின் பெண் குழந்தை, பத்து மாதம்.

சீனப் பத்திரிகைக்காரர் கேட்டார். முதல் மொழிபெயர்ப்பாளர் சொன்னார். ராஜலிங்கம் கேட்டார்: "தோட்டம் அரசாங்கத்துக்கு வந்த பொறகு ஒனக்குச் சந்தோசமா?"

வேலாயி பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். அது அவளுடைய மூக்கைப் பிடித்து இழுத்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "சந்தோசந்தாங்க ஐயா, பேத்தி பொறந்திருக்கா. ஆனா எனக்குப் போற நாளு குறிச்சிட்டாங்க. வர்ற மாசி கடைசி. தொர பேப்பருல போட்டும் ஒண்ணும் நடக்கலீங்க. இவுங்க கெவருமெண்டுக்கு வேண்டிய ஆளுங்கன்னு சொல்றாங்க. இவுங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாங்க. இந்தப் புள்ளய உட்டுட்டு என்னயப் போகச் சொல்லாதீங்கன்னு எழுதச் சொல்லுங்க ஐயா."

தொர பேப்பருல போட்டும் ஒண்ணும் நடக்கலீங்க. அந்த ஒரு வாக்கியம் ராஜலிங்கத்தைக் குத்தியது. இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். ஜீப்போடு வந்த அரசாங்க உத்தியோகத்தர் இரண்டு எட்டுத் தள்ளி நின்று சிகரட் பற்றவைத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் ஆங்கிலம் தெரியும்.

"சந்தோஷம் என்கிறாள்" என்றார் ராஜலிங்கம். "பேத்தி பிறந்திருக்கிறாள்." 'ஆனா' என்ற சொல்லுக்கு முன்னாலேயே நிறுத்திக்கொண்டார்.

கண்ணாடி போட்ட சீனர் வேலாயியைப் பார்த்தார், ராஜலிங்கத்தைப் பார்த்தார். அவள் பேசியது எவ்வளவு, வந்து சேர்ந்தது எவ்வளவு என்பது இன்னொரு மொழிபெயர்ப்பாளனுக்குத் தெரியாதா? ஒன்றும் கேட்கவில்லை. கைக்கு வந்த அந்த இரண்டு சின்ன வாக்கியங்களை வைத்துச் சீனத்தில் வெகுநேரம் பேசினார். அவருடைய ஆட்கள் மளமளவென்று எழுதிக்கொண்டார்கள். அங்கே குறைந்தது, இங்கே வளர்ந்தது. பிறகு தோட்டத்து பங்களாவில் தேத்தண்ணீர் கொடுத்தபோது அவர் ராஜலிங்கத்தின் பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்து, மெல்ல, "நம்முடைய வேலை இலேசானதல்ல" என்றார். ராஜலிங்கம் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு நன்றி சொன்னார். அந்த மனுஷனும் பயந்திருந்தான் என்பது அவருக்கு விளங்க வெகுகாலம் ஆனது.

இரண்டு படங்களும் பளீல் கடையில்தான் ஒன்றாய்ச் சேர்ந்தன. லண்டன் பத்திரிகையின் அந்தப் பக்கத்தை அப்புக்காத்து முன்பே வரவழைத்துப் பளீலிடம் கொடுத்திருந்தார். சீனச் சஞ்சிகை கடைக்கே வந்தது. வழவழவென்ற தாளில், கலர்ப் படங்களோடு, ஆங்கிலப் பதிப்பு. பளீல் இரண்டையும் மேசையில் விரித்துவைத்து இடுப்பில் கையூன்றி நின்றார்.

லண்டன் பக்கத்தில் வேலாயி வாய் திறந்து அழுதாள். கறுப்பு வெள்ளை. ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோட்டின் கையும் உயர்த்திய உள்ளங்கையும் தெரிந்தன. அது ராஜலிங்கத்தின் கை. கீழே எழுதியிருந்தது: 'ஒரு பிடி உணவுக்காகக் கதறும் தேயிலைத் தோட்டத் தாய்.' சீனச் சஞ்சிகையில் அதே வேலாயி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, வாய் திறந்து சிரித்தாள். பின்னால் பச்சை மலை. கீழே: 'நிலம் மக்கள் கைக்கு வந்தபின் மலர்ந்த புதுவாழ்வை மகிழ்ச்சியோடு எடுத்துரைக்கும் பெண் தொழிலாளி.'

"எனத்த இது முதலியார்?" என்றார் பளீல். "ஒரே பொம்புள. அங்க அழுவுறா, இங்க சிரிக்கிறா. லண்டன்காரனுக்கு அவட வயிறு மட்டும் தெரிஞ்சீக்கி, சீனாக்காரனுக்குப் பல்லு மட்டும் தெரிஞ்சீக்கி. நம்மட பேப்பர்ல அவளே இல்ல. அது சரி, அவ எனத்ததான் சென்னா? நீங்கதானே பக்கத்துல நின்ட?"

இதுதான் கொடுமை. படங்களில் பொய்யில்லை. அவள் பசியோடிருந்தது உண்மை, பேத்தியைக் கண்டு சிரித்தது உண்மை. அவள் வாய் திறந்திருந்தது இரண்டிலும் ஒரே வேண்டுகோளுக்காக. அது லண்டனுக்கும் போகவில்லை, பீக்கிங்குக்கும் போகவில்லை. அவர்களுக்கு வேண்டியதை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள், சரி. வேண்டாத மிச்சம் அவர்கள் கைக்குக் கிடைக்கவே விடாமல் பார்த்துக்கொண்டவர் பளீலின் முன்னால் நின்றார்.

"அதெல்லாம் கோட்டு விஷயம் மாதிரி, பளீல் நானா. வெளியில சொல்லக்கூடாது" என்று சொல்லிவிட்டு இரண்டையும் வாங்கி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார்.

வேலாயி மாசி கடைசியில் போனாள். மனு எழுதிக் கொடுக்கவாவது அவரால் முடிந்திருக்கும். எத்தனையோ பேருக்கு இரண்டு வரியில் மனு எழுதிக் கொடுத்தவர். நாளைக்கு, நாளன்றைக்கு என்று தள்ளிப்போட்டார். அன்று பின்னேரம் கோட்டு முடிந்து வரும்போது கண்டி ஸ்டேஷன் பக்கம் ஒரே ஒப்பாரி. இந்தியக் கப்பலுக்குப் போகிற தலைமன்னார்க் கோச்சியில் சனம் ஏறிக்கொண்டிருந்தது. நல்லம்மா என்று யாரோ ஒருத்தி தங்கையின் பெயரைச் சொல்லி மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். ராஜலிங்கம் கூட்டத்துக்குள் போகவில்லை. டிக்கெட் கவுண்டருக்குப் பக்கத்துச் சுவரோடு சாய்ந்து நின்றார். ஜன்னலில் வேலாயியின் மடியில் அந்தப் பித்தளைக் குடம் தெரிந்தது. கீழே நின்ற சீதா ஜன்னல் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு கோச்சியோடு கொஞ்சதூரம் ஓடினாள். அவளுடைய புருஷன் கறுப்பையா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, "உடு, உட்டுரு" என்று கத்தியபடி பின்னால் ஓடினான். ராஜலிங்கம் மறுபக்கத்தால் இறங்கி பஸ்ஸுக்குப் போனார். அன்று வீட்டில் சாப்பிடவில்லை. அன்னலட்சுமி கேட்டதற்குப் பசியில்லை என்றார்.

அதற்குப் பிறகு அவர் எந்தப் பத்திரிகைக்காரருக்கும் பேசிக்கொடுக்கப் போகவில்லை. எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் கண்டி எரிந்தபோது வெளிநாட்டு நிருபர்கள் ஆள் தேடினார்கள். காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டார். பிறகு உத்தியோகம் முடிந்து பென்சனில் வந்தார். வானொலியில் லண்டன் தமிழும் பீக்கிங் தமிழும் கேட்பார். ஒரே நாளில் ஒரே சம்பவத்தை இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொல்லும்போது அன்னலட்சுமி, "இதுல யாருங்க பொய் சொல்றது?" என்று கேட்பாள். "சொல்றது பொய்யா இருக்காது. சொல்லாததுல பாக்கணும்" என்பார். சொல்லிவிட்டு வானொலியை மூடிவிடுவார்.

தொண்ணூற்றாறாம் வருஷம், ஒரு சனிக்கிழமை பின்னேரம், சீதா வந்தாள்.

நாற்பத்தைந்து வயதுப் பெண், தலையில் பாதி நரை. பல்லேகலையில் உடுப்புத் தைக்கிற கம்பெனி ஒன்றில் வேலை. சொன்ன பிறகுதான் அவருக்கு யாரென்று தெரிந்தது. அன்னலட்சுமி கதிரை இழுத்துப் போட்டு, பிளேன்டீ கொண்டுவந்து வைத்தாள்.

"அம்மா எறந்துட்டாங்கய்யா. கோத்தகிரியில. போன மாசம் தந்தி வந்துச்சு" என்றாள் சீதா. "எங்ககிட்ட அம்மா படம் ஒண்ணுகூட இல்ல. பாஸ்போட்டுல ஒட்டுன ஒண்ணுதான், அதுவும் அவுங்களோடயே போயிருச்சு. வெளிநாட்டுப் பேப்பருகாரங்க அம்மாவப் படம் புடிச்சாங்களே, அது எங்க கெடைக்கும்னு பாலத்தடி நானா கடையில கேட்டேன். ஒங்ககிட்ட இருக்குன்னாரு."

அலுமாரியைத் திறந்து பட்டு வேட்டிக்கு அடியில் கைவிட்டார். சான்றிதழோடு சேர்த்துத்தான் அந்த இரண்டு தாள்களையும் வைத்திருந்தார். எடுத்து மேசையில் விரித்தார்.

சீதா தொடவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். சத்தமில்லாமல் அழுதாள். பிறகு சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு, சிரிக்கிற படத்திலிருந்த குழந்தையை விரலால் தொட்டாள். "இது எம் மூத்தவ. இப்ப கம்பஸுல படிக்கிறா." பிறகு கேட்டாள்: "கீழ இங்கிலீசுல என்னய்யா எழுதியிருக்கு?"

இரண்டையும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்துச் சொன்னார்.

"சோத்துக்கா அழுதாங்க?" என்றாள் சீதா. அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. "எங்கம்மா சோத்துக்கு அழுவுற ஆளில்லீங்களே. ரெண்டு படத்துலயும் அம்மா என்னமோ பேசிக்கிட்டு இருக்காங்க பாருங்க. என்ன பேசுனாங்க?"

கோட்டில் சாட்சி 'நான்' என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளனும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். அவள் சொல்கிறாள் என்று சொல்லக்கூடாது. அதுதான் முறை. ராஜலிங்கம் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். இருபத்திரண்டு வருஷமாக ஒரு சொல்கூட மறக்கவில்லை.

"நான் பொறந்தது இந்த லயத்துல. எங்காத்தா பொறந்ததும் இங்கதான். எம் மக புருசனுக்கும் மகளுக்கும் இந்த நாடு. எனக்கு மட்டும் அங்கயாம். அவ மாசமா இருக்கா. அவள உட்டுட்டு நான் எங்க போவேன்? அந்தக் கைநாட்டு தப்புன்னு தொர பேப்பருல போடச் சொல்லுங்க" என்றார். சீனப் படத்தைக் காட்டினார். "இந்தப் புள்ளய உட்டுட்டு என்னயப் போகச் சொல்லாதீங்கன்னு எழுதச் சொல்லுங்க ஐயா." அந்த 'ஐயா' அவர்தான்.

சமையலறை வாசலில் நின்ற அன்னலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கும் இது புதுச் செய்தி.

சீதா படத்திலிருந்து விரலை எடுத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அம்மா எழுத்துத் தெரிஞ்சவங்க யாரையாச்சும் புடிச்சுக் கடுதாசி போடுவாங்கய்யா. இருவது வருசமா எல்லாக் கடுதாசியிலயும் கடைசி வரி ஒண்ணுதான். 'பேப்பருகாரங்ககிட்டயிருந்து பதில் வந்துச்சா, முதலியார் ஐயாவப் போயி கேட்டுப் பாரு.' நான் வரல. பெரிய எடத்துல போயி எப்புடிக் கேக்குறதுன்னு வெக்கம். அம்மா எம்மேல கோவமாத்தான் போயிட்டாங்க. அவுங்களுக்காக இப்பக் கேக்குறேன். அம்மா சொன்னத அந்த வெள்ளக்காரருகிட்ட சொன்னீங்களாய்யா?"

"அப்ப அவசரகாலச் சட்டம்மா. ஒரு வார்த்த கூடிப்போனாலும்..." என்று ஆரம்பித்தார். தன்னுடைய சான்றிதழ், ஜீப்போடு வந்த உத்தியோகத்தர், கோட்டு முறை எல்லாமே வாய்க்குள் வரிசையில் நின்றன.

சீதா அவரை மரியாதையோடுதான் பார்த்தாள். "சொன்னீங்களா ஐயா?"

"இல்ல."

"சீனாக்காரங்ககிட்ட?"

சொல்ல இன்னும் எவ்வளவோ இருந்தது. அவள் அதையெல்லாம் கேட்கவில்லை.

"இல்ல" என்றார் முதலியார்.